இழுப்பு தலைவிதியா? புகை புருஷலட்சணமா?

(கச்சிராயபாளையம் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இழுப்பு நோயும் புகைப் பழக்கமும் என்பதாகும். வழக்கம்போல் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்த தோழர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் மூச்சு விட முடியாதவனுக்கு எந்தக் கொள்கையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இந்தக் கூட்டத்திலேயே இருமல் சத்தம் நாலு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பந்தலுக்கு வெளியே பீடி நெருப்பும் அங்கங்கே தெரிகிறது. ஆகவே விஷயம் இடத்திற்குப் பொருத்தமானதுதான்.

நான் டாக்டருக்குப் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் எனக்கு அதிகமில்லை. புஸ்தகங்களைப் பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதை உங்களிடம் ஒப்புவிக்கிறேன். அதை நம்பித்தான் ஆக வேண்டுமென்று உங்களுக்கு ஒரு நிர்ப்பந்தமுமில்லை. பக்கத்தில் கள்ளக்குறிச்சியில் 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே போய், நான் சொன்னது சரியா தப்பா என்று கேட்டுப் பார்த்து, பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இழுப்பு என்பது வெறும் சளியல்ல, குளிர்ச்சியல்ல, கிரகக் கோளாறுமல்ல. நம் உடம்பைக் காக்க ஏற்பட்ட காவல் அணுக்களே ஆள் தெரியாமல் மூச்சுக்குழலில் மூட்டிவிடுகிற அழற்சி அது. அந்த அழற்சியை அடக்க மருந்து உண்டு. புகையோ, அந்த நெருப்பில் எண்ணெய் வார்ப்பது மட்டுமல்லாமல், அந்த மருந்தையும் வேலை செய்யவொட்டாமல் கெடுத்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள்

2019-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதும் சுமார் 26 கோடி பேருக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் இருந்ததாகவும், அந்த ஒரே வருஷத்தில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. உலகத்து இழுப்பு நோயாளிகளில் 100-க்கு சுமார் 13 பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். இதில் அதிசயமில்லை; ஜனத்தொகை பெருத்த நாடு. ஆனால் இழுப்பால் செத்தவர்களில் நம் நாட்டார் எத்தனை பேர் என்று பார்த்தால், 100-க்கு 40-க்கு மேல் ஆகிறது!

நோயில் நம் பங்கு 13, சாவில் நம் பங்கு 40-க்கு மேல் என்றால் இதற்கு அர்த்தம் என்ன? வெள்ளைக்காரனுக்கு வருகிற இழுப்பு சாது, நமக்கு வருகிற இழுப்பு மூர்க்கம் என்றா? எல்லாம் ஒரே நோய்தான். அவன் ஊரில் மருந்து எடுத்துக்கொண்டு உயிரோடிருக்கிறான். நம் ஊரில் மருந்துக்கு வெட்கப்பட்டும், மருந்துக்குப் பயந்தும், மருந்து கிடைக்காமலும் சாகிறோம். கிடைக்காமல் போவது சர்க்காரின் குற்றம். அதைக் கேட்டு வாங்க வேண்டும். வெட்கமும் பயமும் நம்முடைய அறியாமை. அதை நாமேதான் ஒழிக்க வேண்டும்.

மூச்சுக்குழலின் அமைப்பு

நிமிஷத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு ஆகிறது. சித்தர்கள் சொன்ன கணக்கும் இதுவே. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவன் எவனுக்கும் தெரியக்கூடிய கணக்கு இது, ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. இத்தனை மூச்சும் போகிற பாதை, தலைகீழாக நட்ட மரம் போன்றது. தொண்டையிலிருந்து இறங்கும் பெரிய குழல் அடிமரம். அது இரண்டாகி, நாலாகி, எட்டாகி, இருபது தடவைக்கு மேல் கிளைத்து, நுனியில் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகளாக முடிகிறது. அங்கேதான் காற்றிலிருந்து பிராணவாயு ரத்தத்தில் சேருகிறது.

இந்தக் குழல்களைச் சுற்றிச் சதை இருக்கிறது. அது சுருங்கினால் குழல் நெரிபடும். உட்புறம் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அது வீங்கினாலும் வழி குறுகும். அந்தத் தோலில் கோழை சுரக்கிறது. அதிகம் சுரந்தால் வழி அடையும். ஒரு குழலின் அகலம் பாதியாகிவிட்டால் அதன் வழியே போகும் காற்றும் பாதியாகும் என்றுதான் நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்கிறார்கள். கொஞ்சம் வீங்கினாலே ஆள் ஏன் தவிக்கிறான் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நெஞ்சில் விசில் அடிக்கிற சத்தம் பேயும் அல்ல, பூதமும் அல்ல. நெரிந்த குழல் வழியாகக் காற்று வெளியேறப் பாடுபடுகிற சத்தம்தான் அது.

காவல் அணுக்களைக் கண்டவர்கள்

ரத்தத்தில் சிவப்பு அணு, வெள்ளை அணு என்று இரண்டு வகை உண்டென்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வெள்ளை அணுக்கள்தான் காவல். 1882-ஆம் வருஷத்தில் மெச்னிகாவ் என்ற ருஷ்ய தேசத்து அறிஞர், இத்தாலி நாட்டுக் கடற்கரை ஊரொன்றில், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடிக்கொண்டு அதைத் தின்னப் பார்க்கின்றன. உடம்பில் அன்னியப் பொருள் புகுந்தால் காவல் அணுக்கள் ஓடி வந்து விழுங்கும் என்பதை இப்படித்தான் அவர் கண்டார்.

இன்னொருவர் ஜெர்மனியில் பால் எர்லிக். சிவப்பு மை செய்ய உதவும் ஈயோசின் என்ற சாயத்தை ரத்தத்தில் இட்டு, 1879-ஆம் வருஷத்தில் அவர் பார்த்தார். வெள்ளை அணுக்களில் ஒரு வகை மட்டும் அந்தச் சாயத்தைக் குடித்துச் செக்கச்செவேலென்று தெரிந்தது. சாயத்தின் பேராலேயே அதற்கு ஈயோசினோபில் என்று பேர் வந்தது. நம் கதையில் முக்கியமான பாத்திரம் இது. இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து 1908-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒருவர் முள்ளைக் குத்திப் பார்த்தார், ஒருவர் சாயம் இட்டுப் பார்த்தார். அசரீரி கேட்டு எழுதி வைத்தது ஒன்றுமில்லை.

இழுப்பில் நடப்பது என்ன?

காற்றோடு கலந்து தூசி வருகிறது. பாய் தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் கழிவு, கரப்பான் பூச்சித் தூள், பூவின் மகரந்தம், இப்படிப் பலதும் அதில் அடங்கும். இவை நோய்க்கிருமிகள் அல்ல. நம்மை ஒன்றும் செய்யப் போவதில்லை. பெரும்பாலோர் உடம்பு இவற்றைச் சட்டை பண்ணுவதே இல்லை. ஆனால் சிலர் உடம்பில், தாய் தகப்பன் வழியாகவோ வளர்ந்த சூழ்நிலையாலோ, காவல் அணுக்களுக்கு ஆள் அடையாளம் தப்பிவிடுகிறது. அவை தூசியைப் பகைவன் என்று குறித்துக்கொள்ளுகின்றன.

டி அணு என்று ஒரு வகை உண்டு. காவலுக்குத் தலையாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கொடுக்கும் உத்தரவின்பேரில் ஐஜிஇ என்ற ஒரு பொருள் ரத்தத்தில் உண்டாகிறது. இந்த ஐஜிஇ-யை 1966-ஆம் வருஷத்தில் ஜப்பானியரான இஷிசாகா தம்பதிகள், புருஷனும் பெண்சாதியுமாக ஒரே ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்து கண்டுபிடித்தார்கள். பெண்களுக்கு அடுப்பங்கரைதான் இடம் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஐஜிஇ போய், மூச்சுக்குழலின் தோலில் காவலிருக்கும் மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளுகிறது. அடுத்த தடவை அதே தூசி வந்து தொட்டதும், மாஸ்ட் அணு மருந்து அடைத்த வேட்டு மாதிரி வெடித்து ஹிஸ்டமின் முதலிய சரக்குகளைக் கொட்டுகிறது. சில நிமிஷங்களில் சதை சுருங்குகிறது, தோல் வீங்குகிறது, கோழை பெருகுகிறது. இதுதான் நாம் கண்ணால் பார்க்கும் இழுப்பு.

கதை இதோடு முடிந்தால் பாதகமில்லை. சில மணி நேரம் கழித்து, தலையாரியின் உத்தரவின்பேரில் ஈயோசினோபில்கள் கூட்டங்கூட்டமாய் வந்து இறங்குகின்றன. வயிற்றுப் பூச்சிகளைக் கொல்ல உதவக்கூடிய கடுமையான விஷச் சரக்கை அவை வைத்திருக்கின்றன. இங்கே பூச்சி இல்லையே! சரக்கையெல்லாம் நம் குழலின் தோல் மேலேயே கொட்டுகின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினது போல என்பார்களே, அந்தக் கதைதான். தோல் உரிந்து ரணமாகிறது. ரணமான குழலுக்குக் குளிர்காற்று பட்டாலும் ஆகாது, ஓடினாலும் சிரித்தாலும் ஆகாது, ஜலதோஷம் பிடித்தால் கேட்கவே வேண்டாம். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் குழலின் சுவரே தடித்துக் கெட்டிப்பட்டுப் போகும்.

எல்லாருடைய இழுப்பும் தூசியால் வருவதல்ல. வேறு வகைகளும் உண்டு. ஆனால் எந்த வகையாயிருந்தாலும், இழுப்பு வராத நாளிலும் அழற்சி உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கிறது. சாம்பல் மூடின நெருப்பைப் பார்த்து அணைந்துவிட்டது என்று நினைப்பவன்தான் ஏமாறுகிறான்.

ஊமத்தைச் சுருட்டு

இதிலே நம் தேசத்துச் சங்கதி ஒன்று இருக்கிறது. நம் காட்டு மேட்டில் முளைக்கும் ஊமத்தையின் இலையையோ வேரையோ உலர்த்திப் புகை பிடித்தால் இழுப்பு சற்று நேரம் தணியும் என்பது இங்கே வெகு காலமாய்த் தெரிந்த வைத்தியம். கும்பினி ஆட்சியில் சென்னையில் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை மெச்சினார். ஜெனரல் ஜெண்ட் என்ற பட்டாளத்து அதிகாரி 1802-ஆம் வருஷத்தில் இந்தச் சரக்கைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அது அங்கே பரவி, ஆஸ்துமா சிகரெட் என்ற பேரால் நூறு வருஷத்துக்கு மேலாக மருந்துக் கடைகளில் விற்றது.

நம் நாட்டு வைத்தியம் சீமைக்குப் போயிற்று என்று மார் தட்டிக்கொள்ள நான் இதைச் சொல்லவில்லை. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் என்ற விஷம், குழலைச் சுற்றிய சதையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதனால் சுகம் தெரிந்தது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடவே இல்லை; புகையோ அதை மேலும் கிளறிற்று. அளவு தப்பினால் பைத்தியம் பிடித்தவன் போல் உளறி உயிர் போவதும் உண்டு. பிற்பாடு அறிஞர்கள் அந்த விஷத்தின் குணத்தை ஆராய்ந்து, புகையை நீக்கி, ஆபத்தைக் குறைத்து, இப்ராட்ரோபியம் என்ற மருந்தாக மாற்றினார்கள். அது இன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. பழையதில் நல்லதைப் பொறுக்கிக் கெட்டதைத் தள்ளுவது என்றால் இதுதான். ஆகவே யாரும் ஊமத்தையைத் தேடிப் போய்விடாதீர்கள்.

சதையைத் தளர்த்துவது வேறு, அழற்சியை அடக்குவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நன்றாய் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை செய்யும் காரியம்

இனி பீடி, சிகரெட், சுருட்டுக்கு வருவோம். இது நம் முன்னோர் வழக்கம் என்று சிலர் சொல்லுகிறார்கள். எந்த முன்னோர்? புகையிலைச் செடி அமெரிக்காவிலிருந்து பறங்கியர் மூலம் வந்தது. இங்கே வந்து 400 வருஷம் சொச்சம்தான் ஆகிறது. 2016-17-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்கின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு சுமார் 11 பேர் புகைப்பவர்கள். சிகரெட்டைவிடப் பீடிக்காரரே அதிகம். அதாவது ஏழையின் நுரையீரலே அதிகம் கருகுகிறது.

மூச்சுக்குழலின் தோலில் மெல்லிய மயிரிழைகள் உண்டு. நெற்பயிர் காற்றில் அசைவது போல் அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கோழையையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை பட்டால் இவை மரத்துப்போகின்றன. கழுவாத சாக்கடை போல் கோழை தேங்குகிறது. காலையில் எழுந்ததும் பீடிக்காரன் இருமுகிறானே, அது இதனால்தான்.

புகையின் கரியைத் தின்ன மேக்ரோபேஜ் என்ற பெருந்தீனி அணுக்கள் வருகின்றன. புகைப்பவன் நுரையீரலில் இவை பல மடங்கு பெருகி, கரி தின்று பழுப்பேறிக் கிடக்கின்றன. இவை கூப்பிட்டு நியூட்ரோபில் என்ற இன்னொரு படை வந்து சேருகிறது. அதன் கையில் எலாஸ்டேஸ் என்ற அறுக்கும் சரக்கு இருக்கிறது. காற்றுப் பைகள் ரப்பர் போல் விரிந்து சுருங்குவதற்குக் காரணமான நாரை அது அரித்துத் தின்றுவிடுகிறது. அப்படித் தின்னாமல் தடுக்க நம் ரத்தத்திலேயே ஒரு காப்புப் பொருள் உண்டு. 1963-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், பிறவியிலேயே இந்தக் காப்பு இல்லாதவர்களுக்குச் சின்ன வயதிலேயே காற்றுப் பைகள் அழிவதைக் கண்டார்கள். புகை என்ன செய்கிறதென்றால், பிறவியில் காப்பு உள்ளவனுக்கும் அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது. ஒரு பக்கம் திருடனைக் கூப்பிடுவது, இன்னொரு பக்கம் காவல் நாயைக் கட்டிப் போடுவது!

இழுப்பில் நெரிந்த குழல் மருந்தால் பெரும்பாலும் திரும்ப விரியும். புகையால் அழிந்த காற்றுப் பை திரும்ப முளைக்காது. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

இழுப்பும் இருந்து புகையும் பிடிப்பவன் கதி என்ன? அவன் உடம்பில் இரண்டு படையும் சேர்ந்து இறங்குகின்றன. அது போதாதென்று, இழுப்பின் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து அவனிடம் சரியாய் வேலை செய்வதில்லை. அந்த மருந்து அணுவுக்குள் நுழைந்து அழற்சி மூட்டும் கட்டளைகளைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டுவதற்கு அணுவுக்குள்ளேயே இருக்கும் கருவியைப் புகை பழுதாக்கிவிடுகிறது. காலையில் மருந்து, மாலையில் பீடி என்றால், மடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஏற்றம் இறைக்கிற கதைதான்.

நல்ல செய்தியும் உண்டு. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் புகைபிடிக்கும் இழுப்புக்காரர்கள் சிலரைப் புகை நிறுத்தச் சொல்லிப் பார்த்து 2006-ஆம் வருஷத்தில் எழுதினார்கள். நிறுத்தினவர்களுக்கு ஆறே வாரத்தில், ஒரு விநாடியில் ஊதும் காற்றின் அளவு சுமார் 400 மில்லி கூடிற்று. கோழையில் நியூட்ரோபில் குறைந்தது. ஆறு வாரம்! சபரிமலைக்கு ஒரு மண்டலம் மாலை போட்டுப் புகையை நிறுத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நிறுத்த முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. அந்த உறுதியை மாலை கழற்றின அன்றைக்கே ஏன் கழற்றிவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பிடிக்காதவர் குற்றம் என்ன?

பீடி பிடிப்பது ஆண்பிள்ளைக்கு லட்சணம் என்கிறார்கள். பெற்ற குழந்தைக்கு மூச்சு முட்ட வைப்பது எந்த ஊர் லட்சணம்? ஸ்காட்லாந்து தேசத்தில் 2006-ஆம் வருஷத்தில் பொது இடங்களில் புகை பிடிப்பதைச் சட்டத்தால் தடுத்தார்கள். அதற்கு முன் இழுப்புக்காக ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை வருஷத்துக்கு 100-க்கு 5 வீதம் ஏறிக்கொண்டிருந்தது. சட்டம் வந்த பிறகு வருஷத்துக்கு 100-க்கு 18 வீதம் இறங்கிற்று. பெரியவன் பீடியை அணைத்தான், குழந்தை மூச்சு விட்டது. நம் நாட்டிலும் 2008-ஆம் வருஷம் அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை உண்டு; 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் சட்டம் எங்கே நிற்கிறது, புகை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

தாய்மார்களே! உங்களில் அனேகர் ஆயுளில் ஒரு பீடி தொட்டதில்லை. ஆனாலும் விறகடுப்புப் புகையைத் தினம் மூன்று வேளை குடித்து, பீடிக்காரனுக்கு வருகிற அதே நோய் உங்களுக்கும் வருகிறது. கல்வராயன் மலைக் குடிசைகளில் மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறீர்கள். எரிவாயுவுக்கு வழியுள்ளவர்கள் அதற்கு மாறுங்கள். இல்லாதவர்கள் கூரையில் புகை போக வழி வையுங்கள், குழந்தையை அடுப்படியில் தூளி கட்டாதீர்கள். கரும்பு வெட்டியானதும் சோகையைக் கொளுத்துகிற விவசாயத் தோழர்களுக்கும் சொல்லுகிறேன்: அந்தச் சோகையை வயலிலேயே பரப்பினால் ஈரம் நிற்கும், எருவாகும், கொளுத்தினால் ஊருக்கே இருமல். சாம்பிராணியும் புகைதான், கொசுவர்த்திச் சுருளும் புகைதான். நுரையீரலுக்குப் பக்தி தெரியாது.

மீன் குஞ்சு வைத்தியம்

ஐதராபாத்தில் வருஷாவருஷம் ஜூன் மாதத்தில், மிருகசீரிட நாளில், உயிருள்ள சின்ன விரால் குஞ்சின் வாயில் ஒரு மஞ்சள் மருந்தைத் திணித்து, இழுப்புக்காரர் தொண்டையில் விழுங்க விடுகிறார்கள். 1845-ஆம் வருஷத்தில் ஒரு சாது சொல்லிக் கொடுத்தார் என்பது கதை. ஆயிரக்கணக்கானவர் ரயிலேறிப் போகிறார்கள். மருந்தின் சேர்மானம் ரகசியம். மீன் தின்னாதவருக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள்! மீன் போய்க் குழலைத் துலக்குகிறது என்றால், வெல்லம் எப்படித் துலக்கும்? அதோடு, விழுங்கினது போவது இரைப்பைக்கு. நோய் இருப்பது மூச்சுக்குழலில். பகுத்தறிவாளர்கள் கேள்வி கேட்டு வழக்கு வரை போன பிறகு, மருந்து என்ற பேர் மாறிப் பிரசாதம் ஆயிற்று. கொரோனாக் காலத்தில், 2020 முதல் மூன்று வருஷம், அந்த மூச்சு வைத்தியத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

உண்மையான மருந்தில் ரகசியம் கிடையாது. எதில் எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் குணம், எத்தனை பேருக்கு இல்லை என்று எழுதி வைத்திருப்பார்கள். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாததுதான் மருந்து.

இன்ஹேலர் என்ன, பில்லி சூனியமா?

இழுப்புக்கு மருந்தை வாய் வழியாக உறிஞ்சும் இன்ஹேலர் உண்டு. அதில் இரண்டு வகை. ஒன்று, சால்பியூட்டமால் முதலியவை. 1969-ஆம் வருஷம் முதல் புழக்கத்திலிருக்கிறது. இது ஊமத்தை செய்த வேலையை ஆபத்தில்லாமல் செய்கிறது: சதையைத் தளர்த்துகிறது. மற்றது ஸ்டீராய்டு, 1972-ஆம் வருஷம் முதல் உறிஞ்சும் முறையில் வந்தது. இது ஈயோசினோபில் படையை அடக்கி அழற்சியை அணைக்கிறது. முதல் வகையில் சுகம் உடனே தெரிகிறது. இரண்டாவதில் உடனே ஒன்றும் தெரியாது. ஆகவே நம் ஜனங்கள் முதலாவதை மட்டும் அடித்துக்கொண்டு, இரண்டாவதைத் தூர வைத்துவிடுகிறார்கள். பல பேர் சாவுக்குக் காரணம் இதுதான். சதையைத் தளர்த்துவதை மட்டும் தனியே நம்பியிருக்கக் கூடாது என்று 2019-ஆம் வருஷம் முதல் உலக ஆஸ்துமா நிபுணர் குழுவினர் கண்டிப்பாய்ச் சொல்லி வருகிறார்கள்.

இன்ஹேலர் கடுமையான மருந்து, மாத்திரை சாது என்று ஒரு நம்பிக்கை. கணக்குப் போடுவோம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு மாத்திரை 40 தடவை உறிஞ்சுவதற்குச் சமம்! மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிப் பிறகு குழலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே குழலுக்குப் போகிறது. எது சாது?

இதைவிடக் கொடுமை கலியாணச் சந்தையில் நடக்கிறது. பெண்ணுக்கு இழுப்பு என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள் என்று இன்ஹேலரைப் பெட்டியடியில் ஒளிக்கிறார்கள். புருஷன் வீட்டிலே ராத்திரியில் மூச்சு முட்டினாலும் எடுக்கப் பயந்து அந்தப் பெண் தவிக்கிறாள். மூக்குக்கண்ணாடி போட்டவனை மாப்பிள்ளையாக்க வெட்கமில்லை. மருந்து உறிஞ்சுகிறவளை மருமகளாக்க வெட்கமா?

கேட்கப்பட்ட கேள்விகள்

சில தோழர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு தோழர், “எங்கள் தாத்தா 80 வயது வரை சுருட்டுப் பிடித்தார், ஒன்றும் ஆகவில்லையே” என்கிறார். ஆற்று வெள்ளத்தில் இறங்கின பத்துப் பேரில் கரையேறினவன்தான் வந்து கதை சொல்லுவான். முழுகினவன் சீட்டு அனுப்ப மாட்டான்.

இன்னொருவர், “இன்ஹேலர் பழக்கமாகிவிடாதா?” என்கிறார். பீடியைப் பழக்கமென்று பயப்படாதவர் மருந்தைக் கண்டு பயப்படுகிறார்! நிகோடின் மூளையைப் பிடித்து இழுக்கிறது, அது பழக்கம். இந்த மருந்துக்கு அப்படிப்பட்ட இழுவை இல்லை. நோய் இருக்கிற வரையில் மருந்து வேண்டும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு உறிஞ்சினதும் வாய் கொப்பளித்துவிடுங்கள், வாய்ப்புண் வராது. நன்றாயிருக்கிறதென்று டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது சீட்டு: “பீடியை ஒழித்தால் பீடி சுற்றும் பெண்கள் பிழைப்பு என்னாவது?” நியாயமான கேள்வி. திருநெல்வேலிச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் எத்தனையோ பெண்கள் மடியில் முறம் வைத்துப் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்துக்கொண்டு அற்பக் கூலிக்குச் சுற்றுகிறார்கள். அவர்களுக்கு வேறு தொழில் ஏற்படுத்திக் கொடுக்கும்படி சர்க்காரைக் கேட்போம். ஆனால் ஒரு ஏழை பிழைக்க இன்னொரு ஏழை சாக வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தர்மம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

முடிவாக

தோழர்களே! வெகு நேரம் பேசிவிட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீட்டில் யாருக்காவது ராத்திரி விடியற்காலையில் இருமலும் விசில் சத்தமும் இருந்தால், மந்திரிக்கப் போகாமல் ஊதிப் பார்க்கும் பரீட்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேச முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலம் பாரித்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குச் சொல்லுங்கள். தினசரி மருந்தைத் தினசரி எடுங்கள். புகையை நிறுத்த நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசி யோசனை கேட்கலாம். நிறுத்தின முதல் சில வாரம் இருமல் கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீர்கள். மரத்துப்போன மயிரிழைகள் எழுந்து வேலையை ஆரம்பித்திருக்கின்றன என்று அர்த்தம்.

தலைவிதி என்று ஒன்று இருந்தால், அது இங்கிலாந்துக்காரனுக்கு ஒரு விதமாகவும் கச்சிராயபாளையத்தானுக்கு ஒரு விதமாகவும் எழுதப்பட்டிருக்க நியாயமில்லை. 13-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினவன் பிரம்மா அல்ல. நாம்தான் எழுதினோம், நாம்தான் அழிக்க வேண்டும்.  பந்தலுக்கு வெளியே நிற்கும் தோழர்கள், கையிலிருப்பதை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்துப் பேசப் போகிறவர் காத்திருக்கிறார்.